சேலம் எஸ், ஓசூர் எச்: அக்காவுக்குப் போனில் சொன்ன கமாண்டுகள்

அக்கா பாலக்கோட்டில், நான் ஓசூரில். மாமா தக்காளி மண்டி வைத்திருக்கிறார், கணக்கெல்லாம் அக்காதான். மண்டியில் விண்டோஸ் 7 ஓடுகிற ஒரு கிழட்டு டெஸ்க்டாப், வீட்டில் விண்டோஸ் 10 லேப்டாப், இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ் மாதிரி போய் வந்துகொண்டிருக்கும் ஒரு 16 ஜிபி பென் டிரைவ். இதில் எது நின்றாலும் எனக்குப் போன் வரும். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆள் இல்லை, ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். ஆனால் குடும்பத்தில் ஒருவன் கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடித்துவிட்டால் போதும், அவன்தான் இன்ஜினியர்.

ரொம்ப நாள் மவுஸ் வழியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "மேல வியூன்னு இருக்கும் பாரு." "இல்லடா." "வலது பக்கம் மூணு புள்ளி இருக்கா?" "ரெண்டு எடத்துல இருக்கு, எதைத் தொடறது?" மண்டியில் இருப்பது ஒரு மெனு, வீட்டில் இருப்பது வேறு மெனு, என் கையில் இருக்கும் விண்டோஸ் 11-இல் அது மூன்றாவது விதம். நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சொல்ல, அவள் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டு தேட, கடைசியில் இருவருக்கும் கோபம்தான் மிச்சம். கமாண்ட், அதாவது மவுஸைத் தொடாமல் எழுத்தாக அடிக்கிற கட்டளை, அப்படி இல்லை. மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை, வாயால் சொல்லலாம், காதால் கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அக்கா அப்படித்தான் எழுதினாள், தமிழிலேயே: "அட்ரிப் (ஸ்பேஸ்) மைனஸ் எச்". அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், அதனால் கமாண்டுகளும் அவள் எழுதியபடியே இருக்கும். அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான், அதைச் சொல்லத் தேவையில்லை.

போனில் எழுத்துச் சொல்வது லேசு என்று நினைத்துவிட வேண்டாம். டியும் பியும் ஈயும் சியும் ஒரே மாதிரி கேட்கும், அதிலும் மண்டியில் லாரி ரிவர்ஸ் எடுக்கிற நேரத்தில் ஒன்றுமே கேட்காது. டி ஃபார் டாக் எல்லாம் எங்களுக்குச் சரிப்படவில்லை. ஊர்ப் பேர் வைத்தோம். ஓசூர் எச், ராயக்கோட்டை ஆர், மாரண்டஹள்ளி எம், பாலக்கோடு பி, தர்மபுரி டி, சேலம் எஸ். ஓசூர்-சேலம் ரயில் பாதையிலேயே பாதி வேலை முடிந்தது. லளிகம் எல், கிருஷ்ணகிரி கே, நாமக்கல் என். ஸ்லாஷ் என்றால் கேள்விக்குறி இருக்கிற சாவி, பேக்ஸ்லாஷ் என்றால் என்டருக்கு மேலே இருக்கிற சாவி. இதை முதலிலேயே முடிவு செய்யாததால் ஒரு சாயங்காலம் முழுக்க வீணானது.

முதல் பெரிய வேலை பென் டிரைவ். எங்கேயோ ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள். வீட்டில் செருகினால், "டேய், உள்ள ஒண்ணுமே இல்லடா, பென் டிரைவ் பேர்லயே ஒரு அம்புக்குறி ஐகான் மட்டும் இருக்கு, மூணு தடவ அமுத்திட்டேன்." மூணு தடவை! அதுதான் வைரஸுக்கு வேண்டியது. ஃபைலையெல்லாம் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதை அமுக்கினால் ஃபைலும் திறக்கும், கூடவே வைரஸும் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும். டிரைவை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்க்கச் சொன்னேன், 5 ஜிபிக்கு மேல் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. ஃபைல் போகவில்லை, ஒளிந்திருக்கிறது.

விண்டோஸ் சாவியும் ஆர் சாவியும் சேர்த்து, சிஎம்டி, என்டர். கருப்பு ஜன்னல் வந்தது. பென் டிரைவின் எழுத்து எஃப், அதனால் எஃப், ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு புள்ளி, என்டர். அடுத்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் போடுகிற டிஐஆர் அடித்தால் அந்த ஷார்ட்கட் மட்டும். டிஐஆர், ஸ்பேஸ், ஸ்லாஷ் ஏ என்று அடித்தால், மறைந்தவை உட்பட எல்லாமே வரிசையாக வந்து நின்றன. அக்கா மூச்சு விட்டது இங்கே கேட்டது.

இப்போது மறைப்பை எடுக்க வேண்டும். நான் சிக்கனமாக "அட்ரிப் மைனஸ் எச்" மட்டும் சொன்னேன். அட்ரிப் என்பது ஃபைல்மேல் இருக்கிற முத்திரைகளைப் போடவும் எடுக்கவும் ஆன கமாண்ட், எச் என்றால் ஹிடன். ஒவ்வொரு ஃபைலுக்கும் "நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்" என்று ஒரு வரி வந்ததே தவிர, ஒன்றும் நடக்கவில்லை. காரணம், வைரஸ் ஹிடன் முத்திரையோடு சிஸ்டம் முத்திரையையும் சேர்த்துக் குத்தியிருக்கிறது. சிஸ்டம் முத்திரை இருக்கிற வரைக்கும் அட்ரிப் தனியாக ஹிடனைத் தொடாது, இரண்டையும் ஒரே வரியில் எடுக்க வேண்டும். விண்டோஸ் செட்டிங்கில் "மறைந்த ஃபைல்களைக் காட்டு" என்று டிக் போட்டும் சிலருக்கு ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான், சிஸ்டம் ஃபைலுக்கு அங்கே தனியாக இன்னொரு டிக் உண்டு. சரி, நோட்டில் இருக்கிற முழு வரி இது:

அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி *.*

மைனஸ் மூன்றும் மூன்று முத்திரையை எடுக்க: ஹிடன், ரீட் ஒன்லி, சிஸ்டம். ஸ்லாஷ் எஸ் உள்ளே இருக்கிற போல்டர்களிலும் போய்ப் பார்க்க, ஸ்லாஷ் டி போல்டர்களுக்கும் சேர்த்துச் செய்ய. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஸ்பேஸ். என்டர் தட்டிவிட்டு ஒரு நிமிஷம் போல ஒன்றும் பேசாமல் இருக்கும், பயப்படக் கூடாது, இந்தக் கருப்பு ஜன்னலுக்கு வேலை சரியாக நடந்தால் வாயைத் திறக்கும் பழக்கம் இல்லை.

எல்லாம் வெளியே வந்தது, பெயரே இல்லாத ஒரு போல்டர் உட்பட. அதற்குள்தான் பில் ஃபைல்கள் அத்தனையும். பெயர் இல்லை என்பது சும்மா, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் மாதிரி எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறது இந்த வைரஸ். அதைக் கருப்பு ஜன்னலில் அடிப்பது வீண் வம்பு, எக்ஸ்ப்ளோரரில் போய் எஃப்2 அமுக்கி "பழசு" என்று பேர் வைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கமாண்டிலேயே செய்வேன் என்று சத்தியமா செய்திருக்கிறோம்?

அடுத்து அந்த ஷார்ட்கட்டை அழிக்க வேண்டும். டெல், ஸ்பேஸ், நட்சத்திரம், புள்ளி, எல்என்கே. நான் "நட்சத்திரம் புள்ளி" என்று சொல்லி முடிப்பதற்குள், முன்னாடி அட்ரிப்புக்கு அடித்த நினைப்பில் அவள் இன்னொரு நட்சத்திரத்தையும் போட்டு என்டரைத் தட்டிவிட்டாள். "ஏதோ ஆர் யூ ஷ்யூர்னு கேக்குதுடா, ஒய்யா என்னா?" "என்! என்! நாமக்கல் என்!" என்று நான் கத்தியதில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம் என்றால் அந்த இடத்தில் இருக்கிற எல்லா ஃபைலும் காலி, ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. நல்லவேளை, மொத்தமாக அழிக்கும்போது மட்டும் அது ஒரு வார்த்தை கேட்கும். அன்றிலிருந்து ஒரு விதி: டெல் என்று ஆரம்பிக்கிற வரியை அடித்து முடித்ததும் என்டரைத் தட்டாமல் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு, டெல்லுக்குப் பதிலாக முதலில் டிஐஆர் போட்டு அதே வரியை அடித்தால், எதெல்லாம் அழியப்போகிறது என்று பட்டியல் வரும். அது சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அமுக்கி, வந்த வரியில் டிஐஆரை மட்டும் டெல்லாக மாற்றினால் போதும்.

பென் டிரைவ் சரியானதோடு கதை முடியாது, மூன்று முறை அமுக்கியதில் லேப்டாப்புக்குள் வைரஸ் போயிருக்குமே. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரில் முழு ஸ்கேன், ராத்திரி முழுக்க ஓடியது. ஸ்கேன் முடியாமல் அந்த பென் டிரைவைத் திரும்பச் செருகினால் மறுபடி முதலிலிருந்து அட்ரிப்தான்.

ஒருமுறை "என்ன அடிச்சாலும் கட்டம் கட்டமா வருதுடா" என்றாள். தமிழ் கீபோர்டு ஆனில் இருந்திருக்கிறது. கருப்பு ஜன்னலின் எழுத்துருவில் தமிழ் கிடையாது, அதனால் கட்டம். வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறும். இதே தமிழ் சமாச்சாரம் இன்னொரு இடத்திலும் கடித்தது. ஆடிட்டர் எந்தெந்த மாச பில் இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். அக்கா ஃபைலுக்குத் தமிழில்தான் பேர் வைப்பாள், "தை லோடு", "மாசி லோடு" என்று. டிஐஆர் /எஸ் /பி (இந்த பி பாலக்கோடு இல்லை, பெங்களூரு) போட்டு, அதற்குப் பின்னால் வலது பக்கம் பார்த்த கூர்க்குறி, அப்புறம் பட்டியல் ஃபைலுக்கு ஒரு பேர். திரையில் வர வேண்டியதெல்லாம் அந்த ஃபைலுக்குள் போய்விடும், நூற்றுக்கணக்கான பேரைக் கையால் எழுத வேண்டாம். ஆனால் திறந்து பார்த்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறி. அதற்கு முன்னால் ஒரு வரி அடிக்க வேண்டும்: சிஎச்சிபி 65001. எழுத்துக் குறியீட்டை, தமிழும் அடங்கிய யுடிஎஃப்-8க்கு மாற்றுகிற கமாண்ட் அது. மாற்றிய பிறகும் கருப்பு ஜன்னலில் கட்டம்தான் தெரியும், ஆனால் நோட்பேடில் திறந்தால் தை, மாசி எல்லாம் அழகாக இருக்கும். அக்கா நோட்டில் இந்த 65001-க்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறாள்.

மண்டி டெஸ்க்டாப் போன மாசம் "டக் டக்" என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது, வீட்டு லேப்டாப்பில் இருக்கிற 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு சாதாரண ஆதரவு முடிந்தது, அது வேறு கவலை. முதலில் டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். மாமா ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, இழுத்துப் போட்டுக் காப்பி செய்து பார்த்திருக்கிறார். பாதியில் ஒரு கெட்ட ஃபைலில் முட்டி அப்படியே நின்றுவிட்டது. இதைப் போனில் செய்ய எனக்கே தைரியம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

இந்த மாதிரி டிஸ்க்கில் செக்டிஸ்க் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. சாகக் கிடக்கிறவரை ஓடவிட்டு உடம்பு எப்படி என்று பார்ப்பது மாதிரி அது. முதலில் காப்பி, அப்புறம்தான் வைத்தியம். காப்பிக்கு, விண்டோஸ் 7-க்கு முந்தைய விஸ்டாவிலிருந்தே விண்டோஸுக்குள் இருக்கிற ரோபோகாப்பி போதும், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. நான் அடித்த வரி:

ரோபோகாப்பி டி:\ இ:\மண்டி /இ /ஆர்:1 /டபிள்யூ:1 /லாக்:இ:\லாக்.டிஎக்ஸ்டி

முதலில் எங்கிருந்து, அப்புறம் எங்கே. ஸ்லாஷ் இ என்றால் காலி போல்டர் உட்பட எல்லாம். உயிரே ஆர்-இலும் டபிள்யூ-விலும்தான் இருக்கிறது. ஆர் என்பது ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனால் எத்தனை முறை திரும்ப முயல்வது, டபிள்யூ என்பது நடுவில் எத்தனை விநாடி காத்திருப்பது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி தானாக வைத்துக்கொள்வது 10 லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி. கணக்குப் போட்டால் ஒரே ஒரு கெட்ட ஃபைலுக்கு 347 நாள்! தக்காளி கூட அதற்குள் எத்தனை முறை விலை ஏறி இறங்கிவிடும். ஒரு முறை பார், ஒரு விநாடி நில், இல்லையென்றால் அடுத்த ஃபைலுக்குப் போ என்பதுதான் அந்த இரண்டு 1.

சாப்பிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்தால், மண்டி போல்டரைக் காணோம். லாக் ஃபைல் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. "அந்தப் பேய் இதுக்குள்ளயும் வந்துருச்சாடா?" என்று அக்கா கேட்டதும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. வைரஸ் ஸ்கேன் ஓட்டி அரை மணி நேரம் போனது, ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. டி டிரைவ் முழுசையும், அதாவது அதன் தலைவாசலிலிருந்தே, காப்பி செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்த டிரைவின் தலைவாசலுக்கும் விண்டோஸ் ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு முத்திரையும் போட்டு வைத்திருக்கும். ரோபோகாப்பி அந்த முத்திரையையும் விசுவாசமாகக் காப்பியடித்து மண்டி போல்டரின் நெற்றியில் குத்திவிட்டது. அதே பழைய மருந்துதான்: அட்ரிப் -எச் -எஸ் இ:\மண்டி. இந்த முறை நான் வாயைத் திறப்பதற்கு முன் அக்காவே நோட்டைப் புரட்டி அடித்துவிட்டாள். இனிமேல் டிரைவ் முழுசாகக் காப்பி செய்யும்போது கடைசியில் /ஏ-:எஸ்எச் என்று சேர்த்துவிட்டால் இந்தக் கண்ணாமூச்சி கிடையாது.

ரோபோகாப்பியில் மிர் என்று ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக்கும். ஒன்றாக்கும் என்றால், முதல் இடத்தில் இல்லாதது இரண்டாவது இடத்தில் இருந்தால் அழித்துவிடும். சில வருஷத்துக்கு முன் நான் இரண்டு இடத்தையும் மாற்றி அடித்து, காலி பென் டிரைவை ஒரு நிறைந்த போல்டரோடு "ஒன்றாக்கினேன்". அந்தக் கமாண்ட் அக்கா நோட்டில் இல்லை, இருக்கவும் போவதில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். விடியற்காலை நாலரைக்கு, லோடு நிற்கும்போது, பில் பிரிண்டர் உறைந்து போகும், கேன்சல் கொடுத்தாலும் "டெலீட்டிங்" என்றே நிற்கும். ஸ்டார்ட்டில் சிஎம்டி அடித்து, என்டருக்குப் பதிலாக கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் நிர்வாகி ஜன்னல் திறக்கும். சும்மா திறந்தால் "சிஸ்டம் எரர் 5" என்று துரத்திவிடும். நெட் ஸ்டாப் ஸ்பூலர், பிரிண்ட் வரிசையைப் பார்த்துக்கொள்கிற ஸ்பூலரை நிறுத்த. அப்புறம் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே உள்ளே போய் அந்தக் கடைசி போல்டரில் இருப்பதை அழிக்க வேண்டும், அப்புறம் நெட் ஸ்டார்ட் ஸ்பூலர். தூக்கக் கலக்கத்தில் இதை எழுத்தெழுத்தாகச் சொல்ல முடியாது, அதுவும் டெல் இருக்கிற வரியை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று வரியையும் நோட்பேடில் அடித்து, பேட் ஃபைலாக, அதாவது உள்ளே இருக்கிற வரிகளை வரிசையாகத் தானே ஓட்டுகிற ஃபைலாக, டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டேன். வலது கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், அவ்வளவுதான். மாமாவே செய்துகொள்கிறார், நாலரைப் போன் நின்றது.

வைஃபை பாஸ்வேர்டு மறந்து போனால், லேப்டாப் ஏற்கெனவே அந்த வைஃபையில் இணைந்திருந்தால் போதும்: நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ புரொஃபைல், அப்புறம் நேம் ஈக்வல் டு போட்டு வைஃபை பேர், ஸ்பேஸ், கீ ஈக்வல் டு கிளியர். "கீ கன்டென்ட்" என்ற வரிக்கு நேரே பாஸ்வேர்டு நிற்கும். லேப்டாப்பைப் பாட்டு ஓடவிட்டுத் தூங்கிப் போகிற மாமாவுக்கு ஷட்டவுன் /எஸ் /டி 3600 (இந்த டி தர்மபுரி இல்லை, திருச்சி), ஒரு மணி நேரத்தில் அணையும், மனசு மாறினால் ஷட்டவுன் /ஏ. நீளமான போல்டர் முகவரியை அடிக்க வேண்டியதே இல்லை, போல்டரை இழுத்துக் கருப்பு ஜன்னல்மேல் விட்டால் முகவரி தானாக வந்து விழும் (நிர்வாகி ஜன்னலில் மட்டும் விழாது). அல்லது எக்ஸ்ப்ளோரரில் அந்த போல்டரைத் திறந்து, மேலே முகவரி இருக்கிற இடத்தில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கேயே திறக்கும். போனில் சொல்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். ஏதாவது பக்கத்தில் "நீங்கள் மனிதர்தானா என்று பார்க்க வேண்டும், விண்டோஸும் ஆரும் அமுக்கி இதை ஒட்டுங்கள்" என்று வந்தால் மூடிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அது திருட்டு. கமாண்ட் நோட்டில் இருக்க வேண்டும், இல்லை என் வாயிலிருந்து வர வேண்டும்.

ரோபோகாப்பி லாக்கின் அடியில் ஒரு சின்னக் கட்டம் வரும், அதில் "ஃபெயில்டு" என்ற பத்தியை மட்டும் பார்த்தால் போதும். எங்களுக்கு 14. லாக்கில் மேலே ஒவ்வொன்றுக்கும் "எரர் 23" என்று இருக்கிறது, டிஸ்க்கில் அந்த இடமே படிக்க முடியாமல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பதினொன்று பழைய வருஷத்து பில்கள், மாமா "போகட்டும் விடு, அந்த வருஷம் நஷ்டம்தான்" என்றார். மீதி மூன்று பாப்பாவின் காதுகுத்து வீடியோ. ராத்திரி டிஸ்க்கை ஆறவிட்டு, மறுநாள் காலையில் அந்த போல்டருக்கு மட்டும் /ஆர்:5 கொடுத்து ஓட்டியதில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது, தாய்மாமன் மடியில் உட்காரவைக்கிற வீடியோ, அதாவது என் மடி, வரவில்லை. அரூர் சித்தி அன்றைக்குத் தன் போனில் எடுத்ததாக அக்கா சொல்கிறாள். அந்தப் போன் பீரோவில் இருக்கிறது, அதற்குப் பொருந்துகிற சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.